மரத்தூளை எதில் பிடிப்பது? வீட்டுப் பட்டறைக்கு நான்கு வழிகள்

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, இல்லையென்றால் கார் நிறுத்தும் இடத்தில் பாதி. ஒரு சர்குலர் சா (வட்ட ரம்பம்), ஒரு ரூட்டர் (பள்ளமும் விளிம்பும் செதுக்கும் மெஷின்), ஒரு சாண்டர் (உப்புத்தாள் மெஷின்), நாலைந்து உளிகள். இப்படி வீட்டிலேயே மரவேலை தொடங்கியவர்கள் சில மாதத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: வாக்குவம் கிளீனர் போதுமா, அதில் சைக்ளோன் (தூளைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பு) மாட்ட வேண்டுமா, இல்லை நேராக டஸ்ட் கலெக்டரே (தூளைக் காற்றோடு அள்ளும் பெரிய மெஷின்) வாங்கிவிடலாமா? கடையில் கேட்டால் பதில் எச்பி கணக்கில் வரும். அந்தக் கணக்கை நம்பி வாங்கியவர்கள்தான் ஒரு வருடத்தில் இரண்டாவது மெஷின் தேடுகிறார்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

எந்தத் தூள்? மரத்தூள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று சரக்கு. இழைப்புளியும் பிளேனரும் தருவது சீவல். ரம்பம் தருவது குருணை. உப்புத்தாளும் எம்.டி.எஃப் பலகையும் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) தருவது மாவு. சீவலும் குருணையும் தரையில் விழுந்துவிடும், கூட்டி அள்ளலாம். மாவுதான் வில்லங்கம். காற்று அசையாத அறையில், தண்ணீர் அளவு அடர்த்தியுள்ள 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வர 8 நிமிடம் ஆகும். 5 மைக்ரானுக்கு அரை மணி நேரம். 1 மைக்ரான் என்றால் ஏறக்குறைய 12 மணி நேரம். மின்விசிறி ஓடினால் இந்தக் கணக்கும் கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாதிப்பு முக்கியமாக மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும். கடின மரத்தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இப்போது வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் உயரம் பத்தடி என்றால் அதில் 34 கனமீட்டர் காற்று இருக்கும். 68 மில்லிகிராம் தூள் மிதந்தால் வரம்பைத் தொட்டாயிற்று. மூன்று அரிசியின் எடை அது. ஒரு மேசைப்பலகையை உப்புத்தாள் போடும்போது எத்தனை அரிசி எடை பறக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

உறிஞ்சிய காற்று எங்கே போகிறது? தூளைப் பிடிக்கும் எந்த மெஷினும் காற்றை வெளியே விட்டாக வேண்டும். அறைக்குள்ளேயே விட்டால் வடிகட்டியின் தரம்தான் எல்லாம். வெளியே விட்டால் வடிகட்டியைப் பற்றிப் பாதிக் கவலை போய்விடும். குளிர்நாடுகளில் சூடேற்றிய காற்றை வெளியே விட மனம் வராது, அதனால்தான் அங்கே விலையுயர்ந்த வடிகட்டிகளைப் பற்றி அவ்வளவு பேச்சு. நமக்கு அந்த நஷ்டம் இல்லை. ஏசி போட்ட அறையில் மரவேலை செய்கிறவர் தவிர, தமிழ்நாட்டில் எவருக்கும் முதல் யோசனை வெளியே தள்ளுவதாகத்தான் இருக்க வேண்டும்.

கரண்ட். 6 ஆம்பியர் பிளக்கில் 1,380 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 1,600 வாட் வாக்குவமும் 1,800 வாட் ரம்பமும் ஒன்றாக ஓடினால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 15 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கே திணறும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயர் சூடாகும். ரம்பத்துக்கு ஒரு லைன், உறிஞ்சிக்கு ஒரு லைன் என்று தனித்தனியாக இருப்பது நல்லது.

மிச்சமிருப்பவை இடம், சத்தம், மாதாமாதம் ஆகும் செலவு. அவற்றை அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

| வழி | முதல் செலவு (ஏறக்குறைய) | எதற்குப் பொருத்தம் | எங்கே தோற்கும் | தொடர் செலவு |
|---|---|---|---|---|
| எக்ஸாஸ்ட் ஃபேன், மாஸ்க், துடைப்பம் | ரூ. 3,000 முதல் 5,000 | கைவேலை, திறந்த இடம் | குருணையைப் பிடிக்காது | மாஸ்க் |
| வெட் அண்ட் டிரை வாக்குவம் (ஈரத்தையும் காய்ந்ததையும் இழுப்பது) | ரூ. 5,000 முதல் 9,000 | சாண்டர், ரூட்டர் | வடிகட்டி அடைப்பு | பை, வடிகட்டி |
| வாக்குவத்தோடு சைக்ளோன் | மேலதிகமாக ரூ. 2,000 முதல் 4,000 | கையில் பிடிக்கும் எல்லா மெஷினும் | பிளேனர் சீவல் | மிகக் குறைவு |
| 2 எச்பி டஸ்ட் கலெக்டர் | ரூ. 20,000 முதல் 35,000 | டேபிள் சா (மேசையில் பொருத்திய ரம்பம்), திக்னஸ் பிளேனர் (பலகையை ஒரே தடிமனுக்குச் சீவும் மெஷின்) | சாண்டர், சின்ன ஹோஸ் | கரண்ட், நல்ல பை |

## எக்ஸாஸ்ட் ஃபேனும் மாஸ்க்கும்

இதை ஏழைக்கேற்ற வழி என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கத் தேவையில்லை. மணிக்கு 900 கனமீட்டர் என்று குறித்த 300 மி.மீ. ஃபேன் 34 கனமீட்டர் அறையின் காற்றைக் காகிதக் கணக்கில் மணிக்கு 26 முறை மாற்றும். வலையும் மடக்குத் தகடும் பாதியைத் தின்றாலும் 13 முறை. எந்த வாக்குவமும் அறைக் காற்றை இவ்வளவு வேகமாகச் சுத்தம் செய்யாது.

ஆனால் சமையலறையில் போல உத்தரத்தை ஒட்டி மாட்டினால் பயனில்லை. அங்கே சூடான புகை தானாக மேலே ஏறுகிறது, இங்கே தூள் இடுப்பு உயரத்தில் பிறக்கிறது. மேசை உயரத்துக்கு ஓர் அடி மேலே, வேலை செய்யும் பக்கத்திலேயே மாட்டுங்கள். எதிர்ச்சுவரில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று முதுகில் பட நிற்காதீர்கள், உடம்புக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகித் தூளை முகத்துக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் கடந்து போகும்படி நில்லுங்கள். வேலை முடிந்தும் அரை மணி நேரம் ஃபேன் ஓடட்டும், மாஸ்க்கையும் அதுவரை கழற்றாதீர்கள். சீலிங் ஃபேன் அணைந்திருக்க வேண்டும். வியர்வைக்குப் பயந்து அதை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு சாண்டிங் செய்வதுதான் நம் ஊரில் அதிகம் காணும் தப்பு.

மாஸ்க் என்95 தரம். துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஓரத்தில் கசியும். தாடி இருந்தால் என்95-ம் கசியும். வியர்வையில் நனைந்துவிட்டால் மூச்சு இழுக்கக் கஷ்டமாகி நாமே மூக்கிலிருந்து இறக்கிவிடுவோம், அதனால் மாற்றிக்கொள்ள இரண்டாவது ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கூட்டும்போது வாசலுக்குத் தெளிப்பது போல லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டினால் மாவு எழும்பாது. இரும்பு மேசையுள்ள மெஷின் அருகில் மட்டும் தெளிக்க வேண்டாம். ஈரத்தூள் ஒட்டிய இரும்பு மறுநாளே துருப்பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு பக்கத்து வீட்டுக் கொடிக்கயிறு. ஃபேன் தள்ளும் தூள் யார் வேட்டியில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். அடுக்குமாடியில் இந்த வழி பெரும்பாலும் ஒத்துவராது. தனி வீடு, இழைப்புளியும் கை ரம்பமும்தான் முக்கியக் கருவிகள், வெட்டுவதை மாடியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம்.

## வாக்குவம் மட்டும்

முதலில் ஓர் எச்சரிக்கை. வீடு கூட்டும் சாதாரண வாக்குவத்தில், வடிகட்டியைத் தாண்டிய காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. கசியும் மாவு நேராக மோட்டாருக்குள் போகும், ஒரு சீசன் தாங்காது. வெட் அண்ட் டிரை வகையில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று தனி வழியில் வருகிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

வாக்குவத்தின் பலம் இழுவிசை. 18 முதல் 20 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இழுக்கும், அதனால் 35 மி.மீ. ஹோஸிலும் வேலை செய்யும். பலவீனம் காற்றின் அளவு. அந்த ஹோஸில் நிமிடத்துக்கு 100 கன அடிக்கு மேல் போவது கடினம். சாண்டருக்கும் ரூட்டருக்கும் அது தாராளம், திறந்து கிடக்கும் டேபிள் சாவுக்குப் போதாது.

சாண்டரில் மாட்டியும் தூள் பறக்கிறது என்றால் வாக்குவத்தைத் திட்டுவதற்கு முன் உப்புத்தாளைத் திருப்பிப் பாருங்கள். 125 மி.மீ. தட்டில் எட்டுத் துளை, தாளிலும் எட்டுத் துளை. ஒட்டும்போது கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வழி அடைபட்டுவிடும். எட்டும் நேருக்கு நேர் வந்தால் வித்தியாசம் அப்போதே தெரியும். முழு இழுப்பில் சாண்டர் பலகையில் ஒட்டிக்கொண்டு சுருள் கீறல் விட்டால், ஹோஸில் இருக்கும் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

ஹோஸ் வாயும் மெஷின் வாயும் பொருந்தாதது அடுத்த தலைவலி. ஒரு கம்பெனி 32, இன்னொன்று 35, மற்றொன்று 38 மி.மீ. அடாப்டர் தேடி அலைய வேண்டாம். பழைய சைக்கிள் டியூபில் நாலு விரல் நீளம் வெட்டி, இரண்டு முனையிலும் இழுத்து மாட்டி ஹோஸ் கிளிப் போட்டால் போதும். இழுபடும் ரப்பர் என்பதால் அதிர்விலும் கழலாது.

இனி உண்மையான பிரச்சினை. எம்.டி.எஃப் சாண்டிங் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வடிகட்டி மடிப்புகளில் மாவு அப்பிக்கொள்ளும். அதைக் காது கண்டுபிடிக்கும்: மோட்டார் சத்தம் மெல்லக் கீச்சென்று உயரும். கஷ்டப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளக் காற்று இல்லாமல் சுமை குறைந்து வெறுமனே வேகமாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். உடனே நிறுத்துங்கள். வடிகட்டியைச் சுவரில் தட்டிச் சுத்தம் செய்தால் அறை முழுக்க மாவு, காகிதமும் கிழியும். வடிகட்டிக்கு முன் துணிப்பை போட்டால் அடைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் பைக்கு மாதாமாதம் காசு போகும். இந்தச் செலவுதான் அடுத்த வழிக்கே காரணம்.

மாதம் இரண்டு மூன்று நாள் மட்டும் வேலை, அதுவும் சாண்டர்தான் அதிகம் என்றால் வாக்குவமும் பையும் போதும், சைக்ளோன் தேவையில்லை.

## வாக்குவத்தோடு சைக்ளோன்

கூம்பு வடிவப் பிளாஸ்டிக், கீழே ஒரு மூடிய வாளி. காற்று பக்கவாட்டில் நுழைந்து கூம்புக்குள் சுழல்கிறது. கனமான தூள் சுவரோடு ஒதுங்கி வழுக்கி வாளியில் விழுகிறது, லேசான காற்று நடுவில் ஏறி வாக்குவத்துக்குப் போகிறது. குருணையில் பெரும்பங்கு வாளியிலேயே நின்றுவிடும். வடிகட்டி தட்டும் வேலை வாரம் ஒருமுறை என்றிருந்தது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சின்னப் பட்டறைக்கு காசுக்கு மிக அதிகப் பலன் தருவது இந்தக் கூம்புதான்.

கூம்பு நன்றாகவே இருக்கும். சொதப்புவது வாளி.

பெரும்பாலோர் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மூடியைத் துளைத்துக் கூம்பை மாட்டுகிறார்கள். நன்றாக ஓடும், ஹோஸ் அடைபடும் வரை. அடைபட்டால் வாக்குவத்தின் முழு இழுவிசையும் வாளிக்குள் வந்துவிடும். 30 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் 20 கிலோபாஸ்கல் என்றால் 144 கிலோ பாரம். இரண்டு ஆள் ஏறி நிற்பது போல. வாளிச் சுவர் டொப்பென்று உள்ளே மடிந்து, மூடி எகிறி, பிடித்த தூளெல்லாம் ஒரே மூச்சில் வாக்குவத்துக்குள் போகும். தடுக்க இரண்டு வழி. ஒன்று, ஒரே அளவு வாளி இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைப்பது. இரண்டு, மூடியில் 20 மி.மீ. துளையிட்டு, அதை உள்பக்கமாக ஸ்பிரிங் அழுத்தி மூடும் சின்ன வால்வு வைப்பது. இழுப்பு எல்லை மீறினால் அது திறந்து காற்றை உள்ளே விடும். தடித்த சுவருள்ள கெமிக்கல் டிரம் கிடைத்தால் இரண்டும் வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. மூடித் துளையின் ஓரத்தை உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். பிசிறு இருந்தால் வாஷர் உட்காராது.
2. கூம்பின் விளிம்புக்குக் கீழே ரப்பர் வாஷர், அதன் மேல் சிலிக்கான். போல்ட்டை எதிரெதிராக முறுக்குங்கள். ஒருநாள் காயவிட்ட பிறகே ஓட்டுங்கள்.
3. வாளி காலியாக, சுற்றிலும் தூள் இல்லாமல் இருக்கும்போதே கசிவு பாருங்கள். வாக்குவத்தை ஓடவிட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி ஓர் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை உள்ளே இழுக்கும் இடம் கசிவு.

கசிவை அலட்சியம் செய்யாதீர்கள். இழுவை கொஞ்சம் குறைந்தால் என்ன என்று தோன்றும். வாளிக்குள் கீழிருந்து காற்று புகுந்தால் விழுந்த தூள் மறுபடி கிளம்பி நடுச்சுழலில் ஏறிவிடும், சைக்ளோன் இருந்தும் இல்லாத கதைதான். வாளி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தாலும் இதேதான் நடக்கும். உள்ளே தெரியும்படி ஒரு சின்ன அக்ரிலிக் ஜன்னல் வைத்தால் அளவு தெரியும்.

மாவு முழுவதையும் கூம்பு பிடிக்கும் என்று எண்ண வேண்டாம். சில மைக்ரான் அளவிலுள்ளது அதைத் தாண்டும். அதனால் எம்.டி.எஃப் வேலை உண்டென்றால் வாக்குவத்தில் மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் எச்.இ.பி.ஏ வடிகட்டி இருக்கட்டும், அல்லது வாக்குவம் வெளித்திண்ணையில் நிற்கட்டும். ஹோஸ் மட்டும் சுவர்த்துளை வழியாக உள்ளே வந்தால் சத்தமும் போச்சு, மாவும் போச்சு. வறண்ட நாளில் பிளாஸ்டிக் ஹோஸ் சுருக்கென்று ஷாக் அடிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சாண்டர் கையை விட்டுத் துள்ளும். ஹோஸ் நெடுக ஒரு வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் சேர்த்தால் அந்தத் தொல்லை அடங்கும்.

## டஸ்ட் கலெக்டர்

இது காற்றை அள்ளும் மெஷின், இழுக்கும் மெஷின் அல்ல. இதன் இழுவிசை வாக்குவத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், காற்றின் அளவு பல மடங்கு. அதனால் சாண்டரின் 35 மி.மீ. ஹோஸை இதில் மாட்டினால் ஒன்றும் வராது. "இவ்வளவு பெரிய மெஷின் சாண்டர் தூளைக்கூட இழுக்கவில்லையே" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

பெட்டியில் நிமிடத்துக்கு ஆயிரம் கன அடி என்று போட்டிருப்பது பெரும்பாலும் குழாயும் பையும் இல்லாமல் அளந்தது. 4 அங்குலக் குழாயில் தூளைச் சுமந்துபோகத் தேவையான நிமிடத்துக்கு 4,000 அடி வேகம் கிடைத்தால் 350 கன அடி போகும். டேபிள் சாவுக்கு அதுவே குறைந்தபட்சம், திக்னஸ் பிளேனருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். ஒவ்வொரு வளைவும் இதைக் குறைக்கும். ஆகவே நெளிவுள்ள ஹோஸை இரண்டு மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். மிச்சத்தை 110 மி.மீ. பிவிசி டிரெயினேஜ் பைப்பில் போடுங்கள். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு.

வாங்கும்போது எவரும் பார்க்காத இடம் பை. மலிவு மாடலில் வருவது பெரும்பாலும் 30 மைக்ரான் துணி. சீவலை அது பிடிக்கும். மூச்சில் போகும் மாவைத் துணி வழியே புகை போல, சரியாக முக உயரத்தில் ஊதிவிடும். பட்டறை தரை பளிச்சென்றும் காற்று முன்பைவிட மோசமாகவும் இருக்கும். 1 மைக்ரான் ஃபெல்ட் பை அல்லது மடிப்பு கேனிஸ்டர் (மடிப்பு வடிகட்டி உருளை) வாங்கினால் பல ஆயிரம் கூடும். இடமிருந்தால் மெஷினைப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்துக் குழாயை உள்ளே கொண்டுவாருங்கள். அந்தப் பணம் மிச்சம்.

2 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவில் எடுத்தாலும் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பி வகை எம்சிபி (கரண்ட் கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) அப்போதே விழுந்துவிடும். சி வகையும் தனி லைனும் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய் எதுவும் மாட்டாமல் வாய் திறந்தபடி நெடுநேரம் ஓட்டினாலும் மோட்டார் சூடாகும், ஏனென்றால் அள்ளும் காற்று கூடக் கூட இதில் சுமையும் கூடும்.

மழைக்காலம் இதற்குத் தனிச் சோதனை. ஐப்பசியில் பாதிப் பை தூளை அப்படியே விட்டு ஊருக்குப் போய் வந்தால் அது ஈரம் இழுத்துக் கட்டியாகிப் பூஞ்சை பிடித்திருக்கும். தரையோடு தொட்டுக்கொண்டிருந்தால் கரையானும் வந்திருக்கும்.

டேபிள் சா நிரந்தரமாக நிற்கிறது, பிளேனரில் பலகை விடுகிறீர்கள், வாரம் இரண்டு மூட்டை சீவல் சேர்கிறது என்றால் தயங்காமல் இதை வாங்கலாம். அப்போதும் சாண்டருக்கு வாக்குவம் தனியாக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பட்ஜெட் இல்லாவிட்டால் முதலில் வாக்குவமும் சைக்ளோனும் வாங்குங்கள். பிளேனர் வேலையை அறுப்புமில்லில் கூலி கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.

## புளோயர்

மெஷின் மேல் படிந்த தூளைக் கை புளோயரால் ஊதித் தள்ளுவது தச்சர்களிடம் சகஜம். திறந்த வெளியில் சரி. மூடிய அறையில் அது, தரையில் சமாதானமாகக் கிடந்த மாவை மூக்குக்கு எழுப்பிக் கொடுப்பது. ஈரத்துணியால் துடையுங்கள்.

## வாளியைக் கொட்டும்போது

தேக்கு, ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும், கையுறை போட்டுக் கொட்டுங்கள். வெறும் மரத்தூள் என்றால் மரத்தூள் அடுப்பு வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். உரக்குழியில் போடுவதானால் சாணத்தோடு கலந்து கொஞ்சமாக. நேராகச் செடிக்குப் போட்டால் மட்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்து இலையை மஞ்சளாக்கும். பிளைவுட், எம்.டி.எஃப் தூளில் பசை இருக்கிறது. அது அடுப்புக்கும் ஆகாது, ஆட்டுக் கொட்டகைக்கும் ஆகாது. மூட்டை கட்டிக் குப்பைக்குத்தான்.

அதே வாக்குவத்தால் இரும்பு கிரைண்டிங் தூளை ஒருபோதும் இழுக்காதீர்கள். ஒரு பொறி வாளிக்குள் போய் மரத்தூளில் புதைந்தால் உடனே எரியாது. வெளியே எதுவும் தெரியாமல் கனன்றுகொண்டிருந்து, நீங்கள் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போன பிறகு பிடிக்கும். வார்னிஷ், லின்சீட் எண்ணெய் துடைத்த துணியும் சுருட்டிக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அதைத் தூள் வாளியில் போடாமல் விரித்து வெளியே கொடியில் காயவிடுங்கள்.